புகாருக்கு உள்ளான காவல் நிலையமே அந்தப் புகாரை விசாரிக்கலாமா? உள்துறைச் செயலாளருக்கும் குமரி மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

என் தங்கை மகள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. "இரு தரப்பினரையும் நேரில் அழைத்து விசாரித்ததில், மனுதாரர் தன் கணவருடன் சமாதானமாகச் சேர்ந்து வாழ்வதாக எழுதிக் கொடுத்துள்ளபடியால், மேல்நடவடிக்கை தேவையில்லை என மனு முடித்து வைக்கப்படுகிறது" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த மனு கணவனைப் பற்றியது அல்ல. கணவன் அடித்ததைச் சொல்லப் போன இடத்தில் காவல் நிலையம் அவளை எப்படி நடத்தியது என்பதைப் பற்றியது. மேலதிகாரிக்கு அனுப்பிய மனு ஒவ்வொரு மேசையாகக் கீழே இறங்கி, யார் மேல் குறை சொன்னோமோ அதே நிலையத்துக்கு "உரிய நடவடிக்கைக்காக" வந்து சேர்ந்திருக்கிறது. பதிலில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அந்த நிலையத்தின் அதிகாரிதான்.

இந்தப் பதிலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் கல்குளம் வட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். மனு எழுதத் தெரிந்தவள் என்பதால் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். அவர்களோடு ஸ்டேஷன் படி ஏறி, வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒரு வீட்டின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. ஆனாலும் அந்த வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதன் எல்லாக் காகிதங்களும் என் கையில் இருக்கின்றன.

அவள் நர்சிங் படித்தவள். பேசியபடி பவன் நகையும் பணமும் கொடுத்துத்தான் கட்டி வைத்தோம். பிறகு, என் தங்கை பேரில் இருக்கிற ரப்பர் தோட்டத்தை எழுதித் தரச் சொல்லித் தொந்தரவு ஆரம்பித்தது. ஒரு நாள் ராத்திரி கணவன் அவள் வலது கையை முறுக்கி எலும்பை உடைத்துவிட்டான். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "தெரிந்த நபர் ஒருவர் வீட்டில் வைத்துத் தாக்கியதாகச் சொல்கிறார்" என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த ஏ.ஆர். காப்பி எங்களிடம் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவலும் போயிருக்கிறது. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சொல்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அது. அப்படிப்பட்ட குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது.

காலையில் போனோம். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்று உட்கார வைத்தார்கள். மத்தியானம் கழித்து நிலையத்தின் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "அவரையும் கூப்பிட்டு விசாரிக்கணும்மா, நாளைக்கு வாங்க" என்றார். ரசீது கேட்டதற்கு, அதெல்லாம் விசாரித்த பிறகு என்றார்கள். இப்படியே நாட்கள் போயின. கடைசியில் அவன் வந்தான். கூடவே அவன் மாமாவும் கட்சிக்காரர் ஒருவரும் வந்தார்கள். அவர்களுக்கு உள்ளே நாற்காலி கிடைத்தது. கையில் மாவுக்கட்டோடு இவள் வெளியே நின்றாள். ஒரு பெண் காவலர் வந்து, "படிச்ச பிள்ளைதானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன? கேஸுன்னு போனா குடும்பம் சேராது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சட்டம் அவரைச் சொல்லச் சொன்னது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

"எங்களுக்குள் ஏற்பட்ட சிறு வாக்குவாதத்தால் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ரைட்டர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். வலது கை கட்டுக்குள் இருந்தது. மேலிடத்துக்கு அனுப்பிய மனுவுக்கு வந்த பதில் ஆதாரமாகக் காட்டுகிற சம்மதம் இந்தக் கையெழுத்துதான். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையும் அன்றைக்குத்தான் கொடுத்தார்கள், அன்றைய தேதி போட்டு. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆவணத்தை மட்டும் பார்க்கிற மேலதிகாரிக்கு இந்த நிலையம் மனு வந்த அன்றே விசாரித்து அன்றே தீர்த்துவைத்ததாகத் தெரியும். நாங்கள் நடையாய் நடந்த நாட்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மருத்துவமனைத் தகவலின் தேதியையும் ரசீதின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். அப்படி வைத்துப் பார்க்கிற வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

சேர்ந்து வாழப் போனவளை அவன் மறுபடி அடித்தான். இப்போது அவள் எங்களோடு இருக்கிறாள்.

மற்ற வீடுகளையும் சொல்கிறேன். விளவங்கோடு பக்கம் அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிற ஒரு பெண். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவன். அவளும் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு வா என்று கூப்பிடும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி போயிற்று. அவள் வரும் நாளில் அவன் வருவதில்லை. அவன் வரும் நாளை அவளுக்குச் சொல்வதில்லை. ஒரு கட்டத்தில் அவள் போவதை விட்டுவிட்டாள். "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று அந்த மனு முடிந்தது. கணவன் கல்ஃபில் இருக்க, மாமனார் மாமியார் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிய இன்னொரு பெண்ணிடம், "வீட்டுக்காரர் ஊருக்கு வரட்டும், பேசிக்கலாம்" என்றார்கள். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்குச் சட்டப்படி உண்டு, அதற்குக் கணவன் விமானம் ஏறி வர வேண்டியதில்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 5ஆவது பிரிவு, புகாரைப் பெறுகிற காவல் அதிகாரி அந்தப் பெண்ணுக்கு என்னென்ன தெரிவிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உத்தரவு, ஜீவனாம்சம் ஆகியவற்றுக்காக நீதித்துறை நடுவரிடம் போகலாம் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின்படி பெண்களுக்கு உதவ பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவசச் சட்ட உதவி உண்டு, கொடுமைக்கான குற்றப் புகாரும் தனியாகக் கொடுக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டும். நான் கூடப் போன பெண்களில் யாருக்கும் இவை முழுமையாகச் சொல்லப்பட்டதை நான் கேட்டதில்லை. என் தங்கை மகளுக்குப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதையே நான்தான் சொன்னேன்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்தச் சட்டத்தில் ஒன்றும் ஆகாது. பாதுகாப்பு அலுவலர் நீதிமன்ற உத்தரவின்படி கடமையைச் செய்யத் தவறினால் 33ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. காவல் அதிகாரி 5ஆவது பிரிவை மீறினால் அதில் தண்டனையே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆவது பிரிவையும் பார்த்தேன். பாலியல் வன்முறை, அமில வீச்சு, ஆள்கடத்தல் போன்ற சில குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியரை அது தண்டிக்கிறது. அந்தப் பட்டியலில் 85ஆவது பிரிவு, அதாவது பழைய 498ஏ, கணவனும் கணவன் வீட்டாரும் செய்யும் கொடுமை, இல்லை. அதிகம் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பப்படும் புகார், பதிய மறுத்தாலும் தண்டனை இல்லாத புகாராக இருக்கிறது. சட்டத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண்ணாவது வேண்டாமா?

காவல்துறை தரப்பில் சொல்வது எனக்குத் தெரியும். பொய்ப் புகார் வருகிறது என்பார்கள். அர்னேஷ் குமார் தீர்ப்பைக் காட்டுவார்கள். 2014இல் வந்த அந்தத் தீர்ப்பு, 498ஏ என்றவுடனே யோசிக்காமல் கைது செய்யாதே என்றது. புகாரை வாங்காதே என்று அது எங்கேயும் சொல்லவில்லை. குடும்பப் பிரச்சினையில் பூர்வாங்க விசாரணை செய்யலாமே என்பார்கள். சரி, செய்யலாம். குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா மூன்று வருஷத்துக்குக் குறையாமலும் ஏழு வருஷத்துக்குள்ளும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, 14 நாளுக்குள் என்று அதற்கு எல்லை போட்டிருக்கிறது. முடிவில்லாமல் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதற்கு அதில் இடம் இல்லை. ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி என்பார்கள். அது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் தானே உட்கார்ந்து குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை நிரப்பி, ஒரு பெண்ணையும் குழந்தையையும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த பெண் எஸ்.ஐ. ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் போன்றவர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அன்று அந்தப் பெண் பிழைத்தது டியூட்டியில் யார் இருந்தார் என்பதைப் பொறுத்து. அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள் இருவருக்கும் ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியே ஆணையங்கள் வேண்டும், மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் காவல்துறை சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரே தலைவர், காவல்துறைத் தலைமை இயக்குநர் உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். ஆக, காவல்துறைக்குப் பொறுப்பான துறையும் காவல்துறையின் தலைமையும் சேர்ந்து காவல்துறையை விசாரிக்கின்றன. என் தங்கை மகளின் மனு நடந்த வழியும் அதேதான். நிலையத்தில் நடந்தது ஏதோ கீழ்நிலை அலுவலரின் பிசகு என்று சொல்ல முடியாதபடி, சட்டத்திலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது.

களியக்காவிளை தாண்டினால் வேறு மாதிரி இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டத்தில் மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே உறுப்பினர்கள்தான். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். போராடி, உயிர் கொடுத்துச் சேர்ந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பெண் ஒரு நீதிபதியிடம் முறையிட முடிகிறபோது இந்தப் பக்கம் உள்ள பெண்ணால் முடியவில்லை என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்துபோனால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது. பத்மநாபபுரத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வருவாய்த் துறை அதிகாரி வந்து, அம்மாவை, அப்பாவை, அக்கம்பக்கத்தை விசாரிக்கிறார். பெண் சாவை காவல்துறை மட்டும் விசாரித்தால் போதாது, வெளியிலிருந்தும் ஒருவர் பார்க்க வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதே பெண் உயிரோடு இருந்தபோது ஸ்டேஷனுக்கு வந்தாளா, வந்தபோது என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று பார்க்க யாரும் இல்லை. செத்த பிறகு கிடைக்கிற அந்த வெளி அதிகாரி, புகார் கொடுக்கும்போதே கிடைத்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். இதைத்தான் இந்த மடல் முழுக்கக் கேட்கிறேன்.

குமரி படித்த மாவட்டம், இங்கே அதெல்லாம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றோம். படிப்பு ஏற ஏறப் பவனும் ஏறியதைப் பள்ளிக்கூடத்தில் இருந்தே பார்த்தவள் நான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அதே ஆய்வின்படி, நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் ஏதோ ஒரு வகையில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். காவல் நிலையம் வரை வருகிறவர்கள் அதிலும் சிலர். வீட்டையும் சொந்தத்தையும் ஊர்ப் பேச்சையும் மீறி வருகிற அந்தச் சிலரைத்தான் நாம் வராந்தாவில் நிற்க வைக்கிறோம்.

இனி என் கோரிக்கைகள். முதலில் ஆட்சியர் அவர்களுக்கு. என் தங்கை மகளின் மனுவை அந்த நிலையத்திடமிருந்து திரும்ப வாங்கி, காவல்துறையைச் சேராத ஓர் அதிகாரியைக் கொண்டு விசாரியுங்கள். அவளைத் தனியாக, அவன் ஆட்கள் இல்லாத இடத்தில் வைத்துக் கேளுங்கள். காவல் நிலையங்களில் வரவேற்பு இடத்தையும் இன்ஸ்பெக்டர் அறையையும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வரை, குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நாங்கள் போன நாட்களின் பதிவை அழியுமுன் கைப்பற்றிப் பாருங்கள்.

அடுத்து, குடும்ப வன்முறைப் புகார்களை நிலையங்கள் கையாண்ட விதத்தைப் பரிசீலிக்க மாவட்ட அளவில் ஒரு நிரந்தரக் குழுவை அமையுங்கள். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைமையில், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர், அரசு மருத்துவர், பெண்களோடு வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் அதில் இருக்கட்டும். பணியில் இருக்கும் காவல் அதிகாரியும் கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் வேண்டாம். 'சமாதானம்' என்றும் 'ஆஜராகவில்லை' என்றும் முடித்த எல்லா மனுக்களையும் அவர்கள் எடுத்து, மருத்துவமனை அனுப்பிய தகவல்களோடு ஒப்பிட்டு, அந்தப் பெண்ணை நேரில் கேட்க வேண்டும். நிலையம் நிலையமாக எத்தனை மனு வந்தது, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, எத்தனை பாதுகாப்பு அலுவலருக்குப் போனது, எத்தனை சமாதானத்தில் முடிந்தது என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வரும் ஒவ்வொரு சாவிலும், அந்தப் பெண் முன்பு எந்த நிலையத்துக்காவது போயிருந்தாளா என்பதை இந்தக் குழு கட்டாயம் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் குடும்ப வன்முறைக் கொலைகளில் இப்படி ஒரு மறுபரிசீலனை சட்டப்படி நடக்கிறது.

உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி இரண்டு ஆணையங்களுக்கும் நீதிபதிகளைத் தலைவராக்குங்கள். அந்தத் தலைமையில் நீங்களே இருப்பதால் இதை நீங்கள் முன்மொழிந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மனு வாங்கிய அன்றே ரசீது, 5ஆவது பிரிவின் விவரங்கள் தமிழில் அச்சிட்ட ஒரு தாள், அதைப் பெற்றுக்கொண்டதாக அவள் கையெழுத்து, பாதுகாப்பு அலுவலர் அவளைச் சந்திக்கும்வரை எந்தச் சமாதானக் கடிதமும் வாங்கக் கூடாது என்ற விதி, மீறினால் துறை நடவடிக்கை. இதற்குச் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். 199ஆவது பிரிவின் பட்டியலில் 85ஆவது பிரிவையும் சேர்க்கும்படி ஒன்றிய அரசுக்கு எழுதுங்கள். காவல்துறை மீதான எந்தப் புகாரும் அதே நிலையத்துக்கோ அதே உட்கோட்டத்துக்கோ விசாரணைக்கு அனுப்பப்படக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. நம் ஆறு வட்டங்களிலும் அவர்கள் யார், எங்கே உட்காருகிறார்கள், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதை எல்லாக் காவல் நிலைய வாசலிலும், ரேஷன் கடையிலும், அண்டி ஆபீஸிலும் எழுதி ஒட்டுங்கள். நான் கேட்கிற அந்தக் குழு நாகர்கோவிலில் மட்டும் உட்காராமல் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் குளச்சலிலும், கூலி வேலைக்குப் போகிற பெண்கள் வர முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கூடட்டும். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்பதை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்